ஜனவரி 6

சங்கீத சரித்திரத்தில் ஜனவரி 6 மறக்கவொண்ணாத நாள். 1847இல் அத்தேதியில் தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் சமாதியடைந்தார். 1967இல் அதே தேதியில் ஏ. ஆர். ரஹ்மான் சென்னையில் பிறந்தார். சுவாமிகளின் ஆராதனையோ தேதியைப் பின்பற்றாது, ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் நடைபெறுகிறது.

அத்திருநாளுக்கு நிலையான இடம் தந்தவர், நம் நகரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்த அம்மையார், காவிரிக்கரையில் பாழடைந்து கிடந்த சமாதியைத் தம் சொந்தப் பொருளால் புதுப்பித்து, ஆலயமாக்கினார். அங்கே பெண்கள் பாடத் தடையிருந்தபோது, அவர்களைத் திரட்டித் தனியே பாடச் செய்தார். 1952இல் மறைந்த அவருடைய சமாதியும் அருகிலேயே உள்ளது.

கன்னட நாட்டில் பிறந்து, தெலுங்குக் கீர்த்தனைகளைப் போற்றி, தமிழ் மண்ணில் நிலைத்தவர் அவர். பேணுவோர் இருந்தால்தான் நன்னாள் நிலைக்கும் என்பதை நம் இளைஞர் அவரிடம் கற்பாராக!