சினைப்பைப் புற்றுநோய்த் தடுப்பு: கருக்குழாயை நோக்கி

சினைப்பைப் புற்றுநோய்களில் மிகுதியான உயிர்களைப் பறிப்பது உயர்நிலை (ஹை-கிரேடு) சீரஸ் வகை. அது பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில் தோன்றி, பிறகே சினைப்பைக்குப் பரவுகிறது. எனவே, சினைப்பையைக் காத்துக்கொண்டு கருக்குழாயை அகற்றுவதே இந்நோய்க்கு ஏற்ற தடுப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

மாதந்தோறும் கருமுட்டை வெளிப்படுகையில் சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது. ஓயாத அக்காயமே புற்றுக்கு வித்திடலாம் என்று எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971இல் எழுதினார். கருவுற்ற காலத்தில் கருமுட்டை வெளிப்படாததால், பல பிள்ளை பெற்றவர்களுக்கு இந்நோய் குறைவாக வருவதை இக்கருத்து விளக்கியது. ஆனால், புற்றின் முன்நிலைப் புண் சினைப்பையில் தெளிவாக அகப்படவில்லை. 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பரம்பரை ஆபத்துள்ள 12 பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக அகற்றிய கருக்குழாய்களைப் பரிசோதித்தனர். அவர்களில் 6 பேரின் குழாய்த் திசுவில் புற்றுக்கு முந்தைய பிறழ்வளர்ச்சி தென்பட்டது.

அதுவரை குழாயின் ஓரிரு குறுக்குவெட்டுகளை மட்டும் நுண்ணோக்கியில் பார்ப்பதே வழக்கம். பாஸ்டனில் நோயியலாளர் கிறிஸ்டோஃபர் க்ரம் குழுவினர், விரல்கள்போல் விரிந்த நுனிப்பகுதி முழுவதையும் 2, 3 மில்லிமீட்டர் சீவல்களாக்கி ஆராயும் முறையை வகுத்தனர். நுனியின் நுண்புண்ணிலும் சினைப்பைக் கட்டியிலும் ஒரே டிபி53 மரபணுப் பிறழ்வு இருப்பது பின்னர் தெரிந்தது. ஃபதல்லாவின் கருத்தும் இதனால் வீணாகிவிடவில்லை. கருமுட்டையை ஏந்தும் அந்நுனியின் மீதுதான், முட்டையோடு வெளிப்படும் நுண்ணறைத் திரவம் ஒவ்வொரு மாதமும் வழிகிறது; ஓயாத தாக்கம் அங்கும் நேரலாம்.

முன்கூட்டியே கண்டறிந்தால் போதாதா என்ற கேள்விக்கு 2021இல் பிரிட்டன் விடை தந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. மாறாக, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், வேறு காரணத்துக்காக அறுவைக்கு வரும் பெண்களுக்குக் கருக்குழாய் அகற்றல் பரிந்துரைக்கப்பட்டது. அவ்வாறு அகற்றப்பட்ட 25,889 பேரில் ஏறத்தாழ 5 பேருக்குச் சீரஸ் புற்று எதிர்பார்க்கப்பட்டது. 2022இல் வெளியான ஆய்வின்படி ஒருவருக்கும் வரவில்லை. கண்காணிப்புக் காலம் குறுகியது என்றாலும், சான்று சுட்டும் திசை தெளிவு.

குழாயை அகற்றினால் சினைப்பைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குன்றாதா என்பது நியாயமான ஐயம். சினைப்பையின் முட்டை இருப்பைச் சுட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவில் குறுகிய கால ஆய்வுகள் பெரிய சரிவைக் காட்டவில்லை. மாதவிடாய் முன்கூட்டி நிற்குமா என்பதற்கு நீண்டகாலக் கண்காணிப்பு தேவை. பரம்பரை ஆபத்தைத் தரும் பிஆர்சிஏ மரபணுப் பிறழ்வுள்ளோருக்கோ குழாயை மட்டும் அகற்றுவது போதிய பாதுகாப்பாக இன்னும் ஏற்கப்படவில்லை.

இது தமிழகத்துக்கு நேரடியாகப் பொருந்தும் விவாதம். இங்கே குடும்பநலத் திட்டம் பெரும்பாலும் பெண்ணின் கருத்தடை அறுவையையே நம்பியிருக்கிறது. வழக்கமான முறையில் குழாயின் நடுப்பகுதியை முடிச்சிட்டு வெட்டுகிறார்கள். நோய் தொடங்கும் நுனி உடலிலேயே தங்கிவிடுகிறது. பிள்ளைப்பேறு போதுமென்று முடிவெடுத்த பெண்ணிடம் முழுக் குழாயையும் அகற்றும் வாய்ப்பை விளக்க வேண்டும். பிறகு குழாயை மீண்டும் இணைக்க முடியாது, கருத்தரிக்க ஐவிஎஃப் ஒன்றே வழி என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரசவத்தை ஒட்டிக் கருத்தடை செய்யும்போது, வலிக்கிடையே கையெழுத்து வாங்குவது ஒப்புதலாகாது. இந்த உரையாடல் கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே தொடங்க வேண்டும்.