மாத்தளை வழியும் உடலின் வரவு செலவும்

மலையகத்திற்கு வடதிசையிலிருந்து வருவோரை முதலில் எதிர்கொள்ளும் ஊர் மாத்தளை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டினூடே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். அப்பாதை 100 மைலுக்கும் அதிகமானது.

அவ்வழியில் மாண்டோர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியரிடையே ஒருமித்த கருத்தில்லை. 1841 முதல் 1848 வரை 70,000 பேர் இறந்தனர் என 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அதனை மிகையென மறுப்போரும் உளர். வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் அவர்களைக் கொன்றன என்பது மெய்யே. ஆயினும் அந்நோய்கள் பற்றியவை பசியால் முன்னரே நலிந்த உடல்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

உணவு தரும் ஆற்றலைக் கலோரி என்னும் அளவையால் அளக்கிறோம். படுத்திருப்பவனுக்கும் இதயம் துடிக்கவும் மூச்சு இயங்கவும் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கு மேல் வேண்டும். மூட்டை சுமந்து 15 மைல் நடப்பவனுக்கோ அதற்கு மேலும் ஏறத்தாழ 1,000 கலோரி செலவாகும். உலர்ந்த அரிசி 100 கிராம் தருவது சுமார் 350 கலோரியே. மடியில் கட்டிவந்த அரிசி தீர்ந்தபின் உடல் தன்னையே தின்னத் தொடங்கும். முதலிற் கொழுப்பை மட்டும் கரைத்துவிட்டுத் தசையை அது காத்து வைப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே கரைக்கும்.

தோட்டத்தை அடைந்த பின்னரும் வாழ்வு அரிசியையே சார்ந்திருந்தது. மலைச்சரிவில் நெல் விளைவதில்லை. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி வண்டியேறி வந்தது. 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. அரிசியைத் தோட்டத்திலேயே கொடுத்து, அதன் விலையைக் கூலிக் கணக்கிற் கழிப்பது வழக்கம். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அரிசி வரவு குன்றியது, பங்கீடு வந்தது, கோதுமை மாவும் ரொட்டியும் லயங்களில் நிலைபெற்றன. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீடும் குறைந்தபோது, நாட்டின் இறப்பு விகிதம் உயர்ந்தது. தோட்டங்களில் அவ்வுயர்வு ஏனைய பகுதிகளினும் மிகப் பெரிது. நிலமற்றவர்க்குக் கடையிலும் பங்கீட்டிலும் கிடைப்பதைத் தவிர வேறு உணவில்லை என்பதே அதன் காரணம்.

இத்தகைய குறைவு உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் அளந்து கண்டார். போரினால் பட்டினியுற்ற மக்களை மீட்கும் வழியறிய, 1945இல் தாமாக முன்வந்த 36 இளைஞருக்கு 24 வாரம் அரைவயிற்று உணவளித்தார். அது நாளொன்றுக்குச் சராசரி 1,570 கலோரி. வாரந்தோறும் அவர்கள் 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. ஆனால் உடலின் ஓய்வுச் செலவும் பெரிதும் சுருங்கிற்று. நாடி தளர்ந்தது; வெயிற்காலத்திலும் குளிர் வாட்டியது; சிந்தை முழுவதும் சோற்றையே சுற்றியது. மீண்டும் உண்டபோது கொழுப்பு விரைந்து திரும்பிற்று. தசை மெல்லவே வளர்ந்தது.

வரவு குறைந்த குடும்பம் விளக்கை அணைத்து, அடுப்பைச் சுருக்கிச் செலவைக் குறைப்பது போன்றதே இது. வறுமையால் வந்த பட்டினியா, தானே மேற்கொண்ட பட்டினியா என்று உடல் பிரித்துக் கேட்பதில்லை.

இக்காலத்தில் அதே மாத்தளையில் நீரிழிவும் பருத்த உடலும் பலருக்குக் கவலையாகிவிட்டன. அவருட் சிலர் காலையுணவை விட்டு, இரவுணவையும் துறந்து, தேநீரோடு நாளைக் கழித்து எடையைக் குறைக்க முயல்கின்றனர். சில கிழமைகளில் எடை நின்றுவிடுகிறது, சோர்வு மிஞ்சுகிறது, பின்பு பழைய எடையே திரும்புகிறது. இதில் மன உறுதியின் குறை யாதுமில்லை. உடலின் கணக்கே அது.

எடை குறைப்போர் தேவையினும் சுமார் 500 கலோரி மட்டுமே குறைத்துண்பது தகும். மருத்துவர் மேற்பார்வையின்றிப் பெண்கள் 1,200 கலோரிக்கும் ஆண்கள் 1,500 கலோரிக்கும் கீழே செல்லலாகாது என்பது பொதுவான வழிகாட்டல். கடினமாக உழைப்போர்க்கு இதனினும் மிகுதியாக வேண்டும். சீனியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைக்கலாம். பருப்பு, மீன், முட்டை, கீரை ஆகியவற்றைக் குறைத்தலாகாது. தசையைக் காப்பவற்றுள் அவையும் உழைப்புமே தலையாயவை.

மாத்தளை வழியில் நடந்தவர்க்குப் போதிய உணவைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கவில்லை. அவ்வுரிமை வாய்த்தவர் அதனைத் தாமாகவே இழப்பது அறிவுடைமை ஆகாது.