வை ஆற்றங்கரையின் நடைவழிகள்

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுஷயரில் வை ஆற்றங்கரையில் அமைந்த ராஸ், சந்தை கூட்டும் உரிமை பெற்று வளர்ந்த சிறு நகரமாகும். 1770இல் இவ்வாற்றில் படகுப் பயணம் செய்த வில்லியம் கில்பின் என்னும் பாதிரியார் 1782இல் வெளியிட்ட நூல், நிலக்காட்சியை ஓவியமாக நோக்கும் ரசனையைப் பரப்பியதால், மேலும் பல பயணிகள் இப்பள்ளத்தாக்கை நாடிவந்தனர். பிறர் நிலத்தின் ஊடாகப் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகளை வரைபடத்தில் பதிவுசெய்யும் கடமையை 1949ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களுக்கு விதித்தமையால், இப்பள்ளத்தாக்கிலும் உழவரும் தேவாலயம் செல்வோரும் தலைமுறைகளாக நடந்த வழிகள் சட்டப் பாதுகாப்புப் பெற்றன. 1964இல் ராஸ் நகரின் பயணிகள் ரயில் சேவை நின்றபின், ஓரூரில் இறங்கி நடந்து மற்றோரூரில் ஏறிக்கொள்ள உதவும் பேருந்தே, கார் இல்லாதோர்க்கு இவ்வழிகளின் வாயிலாயிற்று. ஆகவே அப்பேருந்தைக் காப்பது நடக்கும் உரிமையையே காப்பதாகும்.