பூந்தமல்லிக்கு வராமலே போன ரயில்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் பொழுது சாய்வதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். நடுவில் படம், ஒரு பக்கம் தோற்றம், மறுபக்கம் மறைவு. பூந்தமல்லி மோனோ ரயிலுக்கு அப்படி யாரும் ஒட்டவில்லை. அதன் தோற்றம் எல்லோருக்கும் தெரியும்: 2006, ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது வந்த அறிவிப்பு. மறைவுக்குத்தான் தேதி இல்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வரைபடத்தில் அது வரவிருந்த சாலையின் மேல் வேறொரு கோடு விழுந்தது. அதைப் பார்த்து நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

அறிவித்த அதே ஆண்டு ஆட்சி மாறியது, மோனோ போய் மெட்ரோ வந்தது. 2011இல் மறுபடி ஆட்சி மாறியபோது மோனோ உயிர்த்தெழுந்தது. முதல் கட்டமே 111 கிலோமீட்டர் என்றார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் அது இளைத்தது. கடைசியில் பூந்தமல்லியிலிருந்து கத்திப்பாரா, போரூரில் பிரிந்து வடபழனிக்கு ஒரு கிளை, எல்லாம் சேர்த்து 20.68 கிலோமீட்டர், மதிப்பீடு 3,267 கோடி ரூபாய் என்று நின்றது. ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள், கைவிட்டார்கள், மறுபடி கோரினார்கள். ஒரு தூணுக்குக்கூடக் குழி தோண்டவில்லை.

அதை நாங்கள் எவ்வளவு நம்பினோம் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோதே அது ஆவடி வழியாகத்தான் போனது. அன்றைக்குப் போட்ட தண்டவாளம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் விதி எழுதிவிட்டது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததும், அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்ததும், சாப்பாட்டுக் கேரியரோடு ஆயிரக்கணக்கானோர் மின்சார ரயிலில் வந்து இறங்கியதும் அந்தத் தண்டவாளத்தை நம்பித்தான். தெற்கே கிண்டி, தாம்பரம் வழியே இன்னொரு பாதை. இரண்டுக்கும் நடுவில் பூந்தமல்லி. சென்ட்ரல் வாசலிலிருந்து கிளம்பும் சாலைக்கே எங்கள் ஊர்ப்பெயர்தான். ரயில் மட்டும் எங்களுக்கு இல்லை. தட எண் 54இல் ஏறி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் என்று ஊர்ந்து, போரூர் சிக்னலில் மூச்சுத் திணறி நின்ற காலைகளைக் கூட்டிப் பார்த்தால் என் வாழ்நாளில் சில வருடங்கள் தேறும். மனைப் பிரிவு விளம்பரத்தில் 'மோனோ ரயில் நிலையத்துக்கு மிக அருகில்' என்று போட்டதை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களை ஏமாளிகள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அறிவித்தது அரசாங்கம்.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: மோனோ ரயில் எங்களுக்கு ஏற்ற வண்டி இல்லை. ஒற்றை விட்டத்தைக் கவ்விக்கொண்டு ஓடும் சிறு பெட்டிகளில் இந்தச் சாலையின் கூட்டம் அடங்காது. செய்து தரும் நிறுவனங்களும் உலகத்தில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்; உதிரிபாகத்துக்கு அவர்கள் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மும்பையில் 2014இல் தொடங்கிய மோனோ ரயில் 2025 ஆகஸ்ட் மழையன்று கூட்டத்தின் பாரம் தாங்காமல் உயரத்தில் நடுவழியில் நின்றதும், உள்ளே இருந்தவர்களை ஏணி வைத்து இறக்கியதும் எல்லோரும் பார்த்ததுதான். வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி பைபாஸுக்கு இப்போது வரும் மெட்ரோ அதைவிட எவ்வளவோ மேல். 2025 மார்ச்சில் ஓட்டுநர் இல்லாத ரயில் பூந்தமல்லி பணிமனையிலிருந்து முல்லைத் தோட்டம் வரை சோதனைக்கு ஓடியபோது, மொட்டை மாடியில் நின்று பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் அழுவது அந்த வண்டிக்காக அல்ல. அது தின்ற வருடங்களுக்காகவும், அது எங்கள் மனத்தில் பதித்துவிட்டுப் போன ஒரு தப்புக் கணக்குக்காகவும். மோனோவும் சரி, அதன் தடத்தில் வந்த மெட்ரோவும் சரி, பூந்தமல்லியை ஊரின் கடைசி என்றே வைத்து வரையப்பட்டவை. பட்டணத்திலிருந்து புறப்பட்டு இங்கே வந்து முடிந்துவிடும். ஆனால் விடியற்காலை நாலரை மணிக்குப் பைபாஸில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக மேற்கே போகின்றன. நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். எங்கள் ஊர் கடைசி அல்ல, வாசல்.

இதைத் திருக்கச்சி நம்பி ஆயிரம் வருடத்துக்கு முன்பே காட்டியிருக்கிறார். இங்கே பிறந்த அவர் தன் நந்தவனத்துப் பூவைக் கட்டி எடுத்துக்கொண்டு காஞ்சி வரதனுக்குச் சாத்த நாள்தோறும் நடந்தே போய்வந்தார் என்பது ஊர் சொல்லும் கதை. அவர் போன திசையில் இன்றுவரை தண்டவாளம் இல்லை. சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயிலில் போக நினைத்தால் தெற்கே செங்கல்பட்டு வரையோ மேற்கே அரக்கோணம் வரையோ போய் அங்கிருந்து வளைந்து வர வேண்டும். வேலூருக்கு என்றால் ஆவடி வழியாகக் காட்பாடி. அந்தப் பழைய பாதையில் விரைவு வண்டிகளும் புறநகர் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. அம்பத்தூர் நடைமேடையில் நிற்பவருக்கு வந்தே பாரத்தின் காற்று மட்டும்தான் முகத்தில் அடிக்கும்.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு ஒரு வரி சொன்னது. சென்னை – காஞ்சிபுரம் – வேலூர், 140 கிலோமீட்டர், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வட்டார ரயில், அதற்குச் சாத்தியக்கூறு ஆய்வு. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். டெல்லி – மீரட் பாதையில் இதே வகை ரயில் 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 82 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடப்பதற்காகவே அமைத்த பாதை அது. மெட்ரோ மாதிரி கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் கிடையாது, ஐந்து பத்து கிலோமீட்டருக்கு ஒன்றுதான். அதே கணக்கில் பார்த்தால் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். வேலூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு மணி நேரம் போல ஆகும்.

இந்த ஒரு மணி நேரத்தின் அருமை ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள பெண்கள் விடுதிகளில் தெரியும். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து செல்போனும் கார் பாகமும் பூட்டுகிற பெண்கள், ஒரே அறையில் பலராக, ஷிப்டு மாற்றிப் படுத்து எழுகிறார்கள். பலருக்கும் ஊர் நூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் தினமும் போய்வர வழியில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகிறவள் தினமும் அம்மா கையால் சாப்பிட முடிந்தால் அதை எந்தத் திட்ட அறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத வேண்டும்.

இரண்டு பதில்கள் வழக்கமாக வரும். மெட்ரோவையே பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு 52.94 கிலோமீட்டர் நீட்டப்போகிறோமே என்பது ஒன்று. நீட்டட்டும், பக்கத்து ஊர்களுக்கு அது வேண்டும். அதில் காஞ்சிக்காரர் தினமும் உட்கார்ந்து வர மாட்டார். மைசூருக்கு 435 கிலோமீட்டர் புல்லட் ரயில் வரப்போகிறதே என்பது மற்றொன்று. அது பெங்களூருக்கு விமானத்தில் போகிறவரை இறக்கி ஏற்றும்; சுங்குவார்சத்திரத்தில் ஷிப்டு முடிந்து நிற்பவளுக்காக நிற்காது. செலவு பெரிதுதான், மறுக்கவில்லை. டெல்லி – மீரட் பாதைக்கு ஒப்புதல் தந்த மதிப்பீடே 30,274 கோடி. ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே நெடுஞ்சாலையை ஆறு வழியாக்கும் வேலை எத்தனை வருடம் இழுத்தது என்பதை அந்தப் பாதையில் போய்வருகிற யாரையாவது கேளுங்கள். சாலையை அகலப்படுத்தியே இந்தக் கூட்டத்தைச் சமாளித்துவிடலாம் என்பதற்கு நாங்கள் கொடுத்த விலை போதும்.

மோனோ ரயில் இறந்தது தொழில்நுட்பத்தால் மட்டுமல்ல. ஒவ்வொரு ஆட்சியும் மற்றதன் கோட்டை அழித்துத் தன் கோட்டைப் போட்டதால். அதற்குள் போரூர் வரை கட்டடங்கள் அடைத்துக்கொண்டன; பின்னால் வந்த மெட்ரோ ஆற்காடு சாலையில் ஒரே தூணின் மேல் இரண்டு அடுக்குப் பாதை கட்ட வேண்டியதாயிற்று. மேற்கே நிலைமை இன்னும் அவ்வளவு மோசமில்லை. நசரத்பேட்டை தாண்டினால் செம்பரம்பாக்கம் வரை சாலையோரத்தில் அங்கங்கே வெற்று நிலம் தெரிகிறது. சில இடத்தில் கம்பி வேலியும் மனை எண் எழுதிய கல்லும் நட்டாகிவிட்டது. வட்டார ரயிலுக்கு வேண்டிய அகலத்தை, பைபாஸ் மெட்ரோ நிலையத்தோடு அது கைகோக்கும் இடத்தோடு சேர்த்து, மீதிக் கற்கள் நடுவதற்குள் அரசாணையில் குறித்துவைக்க வேண்டும்.