கட்டிப்பால் கற்றுத் தந்த பாடம்



'மறுசுழற்சி' என்னும் சொல் நமக்குப் பழக்கமாகிச் சில காலம்தான் ஆகிறது. நம் தாத்தா பாட்டிமார் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. ஆனால் அந்தச் சொல் குறிக்கும் வேலையை அவர்கள் நாள் தவறாமல் செய்தார்கள். பிள்ளைகளுக்கு விடாமுயற்சி வேண்டும், பொறுப்பு வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். பேசினால் மட்டும் வந்துவிடுமா? எந்த வேலை பிள்ளைக்கு அதைப் பழக்குகிறது, எந்த வேலை பழக்காமல் விட்டுவிடுகிறது என்பதைச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். நமக்கு வேண்டிய சரித்திரம் வெகு தூரத்தில் இல்லை. நாம் வெட்டிய ரப்பர் மரத்தடியிலேயே அது தொடங்குகிறது.

லயத்து வீட்டில் அந்தக் காலத்தில் எது வீணானது? பால் டின் காலியானால் கோப்பித்தண்ணி குடிக்கும் குவளையாயிற்று. மண்ணெண்ணெய் டின் இரண்டைக் காண்டாக் கம்பில் மாட்டினால் தண்ணீர் சுமக்கும் குடமாயிற்று. சாக்கு கிழிந்தால் கால்மிதியாயிற்று. எழுதி முடித்த நோட்டுப் புத்தகமும் பழைய பத்திரிகையும் கச்சாங் பூத்தேக்காரரிடம் போய்க் கூம்புப் பொட்டலமாகத் திரும்பி வந்தன. தேங்காய்ச் சிரட்டையே மரத்தில் பால் பிடிக்கும் மங்காக இருந்த காலமும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் வெட்டுக்காட்டில் இருந்தது. பால் மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் மரத்தை வெட்டினால் பால் கோட்டு வழியாக வழிந்து மங்கில் சேரும். பாலெடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோன பிறகும் மரம் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்படிச் சொட்டியது மங்கிலேயே உறைந்துபோனால் கட்டிப்பால். வெட்டிய கோட்டின்மேல் காய்ந்து நாடா போல் ஒட்டிக்கொண்டது கோட்டுப்பால். அடுத்த முறை அந்த மரத்துக்கு வருகிறவர் எடுத்த எடுப்பில் உளியை வைப்பதில்லை. முதலில் கோட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட வேண்டும். கட்டிப்பாலை எடுத்து மங்கைத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அன்றைய வெட்டு. நேற்றைய மிச்சத்தை எடுக்காமல் இன்றைய வேலையைத் தொடங்கினால் புதுப் பால் கோட்டை விட்டு வழிந்து மண்ணில் போகும்.

கையில் எடுத்துப் பார்த்தால் அது ஒரு சிறு துண்டுதான். ஆனால் ஒரு தோட்டத்தில் கிடைக்கும் ரப்பரில் ஐந்தில் ஒரு பங்கு வரை இப்படிப்பட்ட மிச்சமாகவே வந்தது. அதற்கென்று தனி நிறுவை, தனிக் கூலி. கல்லும் மண்ணும் கலந்திருந்தால் கிராணி கழித்துவிடுவார். ஆகவே சேர்ப்பது மட்டும் போதாது, சுத்தமாகச் சேர்க்கவும் வேண்டும். 1965ஆம் ஆண்டில் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தது. இந்த மிச்சத்தை அரைத்து, கழுவி, உலர்த்தி, தரம் குறித்த கட்டிகளாக விற்க அது வழி செய்தது. இன்று நம் நாட்டுச் சிறுதோட்டக்காரர்களில் பெரும்பாலோர் பாலாக விற்பதில்லை. கட்டிப்பாலாகவே விற்கிறார்கள். அதிலிருந்து வரும் ரப்பர் டயராகி உலகமெல்லாம் உருளுகிறது. ஒரு காலத்தில் மிச்சம் என்று ஒதுக்கிய பொருளே இன்று முதன்மைப் பொருளாகிவிட்டது!

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அன்று மங்கு துடைக்கப் போன பிள்ளைகள் ஆசைப்பட்டுப் போகவில்லை. வறுமை துரத்தியது, போனார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இருந்தாலும் வெட்டுக்காடு இழுத்த இழுப்பில் படிப்பை விட்ட பிள்ளைகள் ஏராளம். அந்த நிலை மறுபடி நமக்கு வேண்டாம். 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஆரம்பக் கல்வி கட்டாயம் ஆனது, மிகவும் நல்லது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிள்ளை பட்ட பாட்டை அல்ல. அந்த வேலைக்குள் இருந்த ஒழுங்கை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

இனி, அதே ரப்பரின் இன்னொரு கதை. இது கடலுக்கு அப்பால் நடந்தது.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்கா அதுவரை வாங்கிவந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நம் பகுதியிலிருந்து போனதுதான். அது ஒரேயடியாக நின்றுபோயிற்று. லாரிக்கு டயர் வேண்டும், விமானத்துக்கு டயர் வேண்டும், ரப்பருக்கு எங்கே போவது? அந்த ஆண்டு ஜூன் மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். பழைய டயர், ரப்பர் மழைச்சட்டை, தோட்டத்துக் குழாய், ரப்பர்ச் சப்பாத்து, எது கிடைத்தாலும் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் கொண்டுவந்து கொடுங்கள், ராத்தலுக்கு ஒரு காசு தருகிறோம் என்றார்.

சின்னப் பிள்ளைகள் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார்கள். ஜூன் 15இல் தொடங்கி இரண்டு வாரம் என்று வைத்திருந்த இயக்கம் ஜூலை 10 வரை நீண்டது. சேர்ந்தது ஏறக்குறைய 4 லட்சத்து 50 ஆயிரம் டன்! பெட்ரோல் நிலையங்களில் மலைமலையாகக் குவிந்தது.

அதே நாட்களில் இங்கே என்ன நிலை? மரத்தில் பால் இருந்தது. வாங்க ஆள் இல்லை. வெட்டுக்காடு புதர் மண்டியது. வேலை போனவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்குத் துணியை உடுத்தி நாளைக் கழித்தார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவேயில்லை. நம் பாட்டன் வெட்டி அனுப்பிய ரப்பரின் அருமை, அது வராமல் போன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அமெரிக்கப் பிள்ளைகள் சேர்த்த மலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எதிர்பார்த்த அளவுக்கு அது உதவவில்லை. காரணம் இதுதான். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிவிட்டால் அதை மறுபடி பழைய பாலாக்க முடியாது. அரைத்து, வேகவைத்துப் பக்குவப்படுத்தலாம். ஆனால் தரம் குறைந்துவிடும். அதை மட்டும் நம்பி நல்ல டயர் செய்ய முடியாது. செப்டம்பரில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை தந்தது. இருக்கிற டயரைத் தேயாமல் காப்பாற்றுவதும் செயற்கை ரப்பர் ஆலைகளை விரைந்து கட்டுவதுமே வழி என்று அது சொன்னது. நாடு முழுதும் கார்கள் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. 1942 டிசம்பர் முதல் நாடு முழுவதும் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பெட்ரோல் போதவில்லை என்பதைவிட, வண்டி ஓடாவிட்டால் டயர் தேயாது என்பதே முக்கியக் காரணம்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். நான்கு வாரம் ஓடி ஓடிச் சேர்த்தது பெரிய காட்சி. நாள்தோறும் மெதுவாக வண்டி ஓட்டி டயரைக் காப்பாற்றியதை யார் படம் பிடித்தார்கள்? ஆனால் நாட்டுக்குக் கைகொடுத்ததில் இந்த இரண்டாவது வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. முதலாவதைத்தான் நம் பெரியவர்கள் 'ஆரம்ப சூரத்தனம்' என்றார்கள்.

பிள்ளைகள் பட்ட பாடு முழுவதும் வீண் என்று நான் சொல்லவில்லை. 1944ஆம் ஆண்டில் அதே நாட்டுப் பிள்ளைகள் இன்னொரு வேலை செய்தார்கள். ஜாவாவிலிருந்து போய்க்கொண்டிருந்த இலவம்பஞ்சும் போரினால் நின்றிருந்தது. கடற்படை வீரர்களின் மிதவை அங்கிக்குள் அடைக்கப் பஞ்சு இல்லை. நம்மூர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச்செடி அங்கே வளர்கிறது. அதன் காய்க்குள் தண்ணீரில் மிதக்கும் பஞ்சு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அந்தக் காயைப் பறித்து, பையில் நிரப்பி, வேலியில் தொங்கவிட்டுக் காயவைத்து அனுப்பினார்கள். இரண்டு பை காய் சேர்ந்தால் ஓர் உயிர் பிழைக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எவ்வளவு சேர்க்க வேண்டும், சேர்த்தது எங்கே போகிறது, அதனால் யாருக்கு நன்மை என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பொறுப்பு அங்கேதான் பிறக்கிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1993ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் மறுசுழற்சி இயக்கத்தைத் தொடங்கியது. சில காலத்தில் சூடு ஆறிப்போயிற்று. 2000ஆம் ஆண்டில் மறுபடி தொடங்கினார்கள். காகிதத்துக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, டின்னுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆரஞ்சு என்று தொட்டிகள் வந்தன. நவம்பர் 11ஆம் நாள் மறுசுழற்சி நாள் ஆயிற்று. 2007இல் திடக்கழிவுச் சட்டம் நிறைவேறி, 2011இல் நடப்புக்கு வந்தது. 2015 செப்டம்பர் 1 முதல், ஜொகூர், நெகிரி செம்பிலான், பகாங், கெடா முதலாக அந்தச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களிலும் கோலாலம்பூரிலும் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாயிற்று. 2012இல் ஏறக்குறைய 10 விழுக்காடாக இருந்த மறுசுழற்சி அளவு 2023இல் 35 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரே தாவலில் வந்ததா? இல்லை. ஆண்டுக்கு இரண்டு, மூன்று விழுக்காடாக ஏணிப்படி ஏறுவது போல் ஏறியது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது சும்மா சொன்ன பேச்சா?

ஆகவே பெற்றோர்களே, பள்ளியில் பழைய பேப்பர் சேர்க்கிறோம், டின் சேர்க்கிறோம் என்று பிள்ளை வந்து சொன்னால், "அதெல்லாம் எதுக்குடா, குப்பை லாரிக்காரன் எடுத்துட்டுப் போவான், நீ போய்ப் படி" என்று சொல்லிவிடாதீர்கள். அதுவும் படிப்புதான். இன்னொன்று, பிள்ளையின் வகுப்பு ஜெயிக்க வேண்டும் என்று கடைசி நாளில் அப்பா லாரியில் கொண்டுவந்து கொட்டுவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் எடை கூடும். பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? காசும் வண்டியும் உள்ளவன் கடைசியில் ஓடி வந்தால் போதும் என்றுதானே கற்றுக்கொள்ளும்?

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொடுங்கள். அந்த நாளில் வீட்டிலுள்ள டின்னையும் போத்தலையும் கவிழ்த்து, கழுவி, காயவைத்துப் பிரிப்பது பிள்ளையின் வேலை. உடைந்த கண்ணாடி, பேட்டரி, மருந்து ஊசி இவற்றைப் பிள்ளை தொடக் கூடாது. அவை பெரியவர்களின் பொறுப்பு. ஏன் வாரந்தோறும் என்று பிள்ளை கேட்டால் சரியான பதில் ஒன்று இருக்கிறது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தண்ணீரில் முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும். வாரம் ஒருமுறை கவிழ்த்தால் அது பிறக்காது. "இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம் சேர்த்துச் செய்யலாம்" என்று விட்டால் கொசு காத்திருக்குமா? விடாமுயற்சி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுக்க முடியும்!

பள்ளியில் சேரும் பொருளைப் பிள்ளைகளே நிறுக்கட்டும். ஒரு பிள்ளை நோட்டில் எழுதட்டும், இன்னொரு பிள்ளை சரிபார்க்கட்டும். பழைய சாமான் கடைக்காரர் கொடுத்த பணம் எத்தனை வெள்ளி எத்தனை காசு என்று பலகையில் எழுதிப் போடுங்கள். அதை எதற்குச் செலவு செய்தோம் என்றும் அதன் கீழே எழுதுங்கள். கணக்குக் காட்டாத பெரியவர்களிடமிருந்து பிள்ளைகள் பொறுப்பைக் கற்க முடியாது.

மாணவச் செல்வங்களே, பரிசளிப்பு விழாவில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு உண்டு, ஓட்டத்துக்குப் பரிசு உண்டு. இந்த வேலைக்கும் ஒரு பரிசு வைக்கும்படி ஆசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதிக எடை கொண்டுவந்தவருக்கு அந்தப் பரிசு போக வேண்டாம். ஆண்டு முழுதும் ஒரு வாரம் கூடத் தவறாமல், இரண்டே டின்னானாலும் கழுவிக் கொண்டுவந்த பிள்ளையை மேடைக்கு அழையுங்கள். இருட்டோடு பெரட்டுக்கு எழுந்து, ஒவ்வொரு மரமாகக் கோட்டுப்பாலை உரித்தெடுத்து நம்மைப் படிக்கவைத்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் கைதட்டுகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.