தமிழ்ப் பேய்ப்படங்களில் தொலைக்காட்சியும் புகழ் மோகமும்

தொலைக்காட்சியையும் அது உருவாக்கும் புகழையும் கேலி செய்யும் திகில் படைப்புகள் திரையுலகில் ஒரு தனி வகையாகும். பிரிட்டனில் 2008ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'டெட் செட்' தொடர் இதற்கு எடுத்துக்காட்டு. நாடே நடைப்பிணங்களின் பிடியில் இருக்கையில், 'பிக் பிரதர்' வீட்டிலுள்ள போட்டியாளர்கள் அதை அறியாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள். தமிழில் இவ்வகைப் படங்கள் குறைவு. எனினும் இரண்டு படங்கள் இதற்கு நெருங்கி வருகின்றன.

பின்னணி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் செய்தி வாசிப்பாளர்களே வீடுதோறும் அறிந்த முகங்களாக இருந்தனர். 1993இல் சன் டிவி வந்த பின்னர் நெடுந்தொடர்கள் பெருகின. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனாக, மூங்கில்துறைப்பட்டு போன்ற கரும்பு விளையும் ஊர்களில் சொந்தமாக டிவி வாங்க இயலாத குடும்பங்களுக்கும் பெட்டி கிடைக்க வழி பிறந்தது.

யாவரும் நலம்

விக்ரம் குமார் இயக்கி மாதவன் நடித்த இப்படம் 2009இல் வெளியானது. '13பி' என்ற பெயரில் இந்தியிலும் வந்தது. புதிய அடுக்குமாடி வீட்டில் குடியேறும் குடும்பத்துப் பெண்கள் நாள்தோறும் ஒரு நெடுந்தொடரைப் பார்க்கிறார்கள். அதில் நடப்பவை அப்படியே அக்குடும்பத்திலும் நடக்கின்றன. அவ்விடத்தில் 1977இல் கொல்லப்பட்ட குடும்பமே தொடரின் வழியே பேசுகிறது என்பது பின்னர் தெரியவருகிறது. அக்குடும்பத்தில் ஒருத்தி செய்தி வாசிப்பாளர். அவள்மீது பித்துக்கொண்ட ரசிகன் ஒருவனே அந்த அழிவுக்குத் தொடக்கம். நெடுந்தொடர் மோகத்தை மெல்லக் கேலி செய்யும் படம், ரசிக வெறியின் விலையையும் காட்டுகிறது.

டிடி நெக்ஸ்ட் லெவல்

2017 ஜூன் மாதம் விஜய் டிவியில் கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய 'பிக் பாஸ்' தொடங்கியது. அன்றாட நடத்தையே பொழுதுபோக்காகி, பார்வையாளர் வாக்கே தீர்ப்பானது. யூடியூப் விமர்சகர்களும் பிரபலங்களாயினர். எஸ். பிரேம் ஆனந்த் இயக்கத்தில் 2025 மே மாதம் வெளியான 'டிடி நெக்ஸ்ட் லெவல்' இவர்களையே நையாண்டி செய்கிறது. சந்தானம் ஏற்ற விமர்சகர் பாத்திரத்தை, செல்வராகவன் ஏற்ற பேய் இயக்குநர் ஒரு திரைப்படத்துக்குள்ளேயே சிக்க வைக்கிறார். பிறர் படத்தில் குறை சொன்னவர், பேய்ப்படத்தின் விதிகளுக்கு உட்பட்டு உயிர் பிழைக்க வேண்டியவராகிறார்.

ஒப்பீடு

முதல் படம் திகிலையும் இரண்டாவது நகைச்சுவையையும் முதன்மையாகக் கொண்டவை. ஆனால் இரண்டிலும் வெளியே அமர்ந்து பார்ப்பவரே காட்சிக்குள் இழுக்கப்படுகிறார். 'டெட் செட்' நிகழ்ச்சி தயாரிப்பவர்களைக் கடுமையாகச் சாடுகிறது. தமிழ்ப் படங்களின் பார்வை ரசிகரிடமும் விமர்சகரிடமும், அதாவது பார்ப்பவர் பக்கமே திரும்புகிறது. பார்ப்பது பொறுப்பற்ற செயல் அன்று என்பதே இவ்விரு பேய்க்கதைகளும் உணர்த்தும் செய்தியாகும்.