குடும்பத்தில் யாருக்கும் இல்லையா? மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்

பாகான் செராய் – குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லாததால் தமக்கும் வராது எனப் பல பெண்கள் நம்புகின்றனர். இது தவறு.

12 வயதுக்கு முன் பூப்பெய்துதல், தாமதமாக மாதவிடாய் நிற்பது, குழந்தைப்பேறு இல்லாமை, மாதவிடாய் நின்றபின் உடல் பருமன், மதுப்பழக்கம், நெருங்கிய உறவினருக்கு இந்நோய் இருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டும் காரணங்கள். ஆனால், நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பெண்ணாக இருப்பதையும் 40 வயதைக் கடந்ததையும் தவிர வேறு குறிப்பிட்ட காரணம் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பரம்பரை மரபணு மாற்றத்தால் வருவது சுமார் 5 முதல் 10 விழுக்காடுதான். ஆண்களுக்கும் அரிதாக வரும்.

மலேசியாவில் 2007 முதல் 2011 வரை இந்நோய் கண்டவர்களின் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதம் முதல் கட்டத்தில் 87.5 விழுக்காடு, நான்காம் கட்டத்தில் 23.3 விழுக்காடு மட்டுமே.

வலியில்லாத கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் உடனே காட்டுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் மேமோகிராம் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.